மெல்லச் சொன்னாலும் கேட்கும் வீடு

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. செல்போனுக்காகத் தினமும் சண்டை. பெரியவன் கத்துகிறான், கை நீட்டுகிறான். மன்னிப்புக் கேள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறான். ஐந்து நிமிடத்தில் பழைய கதைதான். கோபத்தை வாயால் சொல் என்று பழக்கினால், பிள்ளைக்கு எதிர்த்துப் பேசக் கற்றுத்தருகிறாய் என்று மாமியார் வருத்தப்படுகிறார். மனத்தில் இருப்பதையும் சொல்ல வேண்டும், மரியாதையும் குறையக் கூடாது. இதை எப்படிக் கற்றுத்தருவது?"

வேலூரைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் கணக்கும் தமிழும் கற்றுத்தந்த நேரத்துக்குக் குறையாமல் சண்டை தீர்த்து வைப்பதிலும் நேரம் போயிருக்கிறது. அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லச் சொன்னாலும் காதில் வாங்குவார்கள் என்று தெரிந்த பிள்ளைதான் மெல்லச் சொல்லும். கத்தினால்தான் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள் என்றால், பிள்ளை கத்தத்தான் செய்யும். அதில் பிள்ளையின் குற்றம் பாதிகூட இல்லை. மரியாதையாகப் பேசும் வித்தையைப் பிள்ளைக்குப் பழக்குவதும் நாம் கேட்கப் பழகுவதும் கூடவே நடக்க வேண்டும். பின்னதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் பழக்கினால், அது வாயை அடைக்கும் பழக்கமாகவே முடியும்.

நான்காம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பங்குனி மாதம், மதிய உணவு முடிந்த நேரம். வகுப்பு வாசலில் கிடந்த செருப்புகளைப் பிள்ளைகள் உதைத்து விளையாடியதில் ஒரு பையனின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவன் கையிலிருந்த சத்துணவுத் தட்டால் உதைத்தவன் நெற்றியில் ஓங்கி அடித்துவிட்டான். புருவத்துக்கு மேலே புடைத்துவிட்டது. "ஏன் அடித்தாய்?" என்று மூன்று முறை கேட்டேன். வாய் திறக்கவில்லை. அடிபட்டவனுக்கு ஈரத்துணி வைத்து உட்காரவைத்துவிட்டு, அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து இவன் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கேள்வி எதுவும் கேட்காமல் அறுந்த வாரைத் துளைக்குள் நுழைத்து ஊக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ஊக்கு இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை மாட்டும்போது, என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சனிக்கிழமைதான் டீச்சர் அம்மாவுக்குக் கூலி வரும்."

அவன் தாய் வீட்டிலேயே பீடி சுற்றுபவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வாரத்துக்கு ஒருமுறை கூலி வரும். அன்று திங்கட்கிழமை. நம் ஊர்ப் பங்குனி வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஐந்து நாள் நடப்பது என்றால் என்ன என்று வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பயம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற தவிப்பும் அதில் இருந்தது. அந்தப் பையனுக்கு அதைச் சொல்ல வார்த்தை அமையவில்லை, தட்டுதான் அமைந்தது.

ஆகவே முதல் பாடம் பெயர் சொல்லப் பழக்குவது. நம் பிள்ளைகளிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் கோபம் என்பார்கள், இல்லாவிட்டால் "ஒரு மாதிரி இருக்கிறது" என்பார்கள். அந்த 'ஒரு மாதிரி'க்குள் எரிச்சல், ஏக்கம், பொறாமை, வெட்கம், ஏமாற்றம், சலிப்பு, அவமானம், ஆற்றாமை எல்லாம் அடைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தனி வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து. ஏக்கத்துக்கு அணைப்பு போதும். அவமானத்துக்குப் போதாது, அதற்கு நியாயம் வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு வகையாகப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் சொல்கிறது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவது, உள்ளதை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. அந்தச் செருப்புப் பையனுக்கு இழவும் வறுமையும் ஒன்றாக வந்தன. அழ வேண்டியவன் அடித்துவிட்டான். ஆண் பிள்ளை அழக் கூடாது என்று வளர்க்கிற ஊர்களில் இது அன்றாடம் நடக்கிறது.

பெயர் சொல்வதால் உள்ளம் இறங்குகிறது என்பதை மூளை ஆய்வும் காட்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களில் தெரியும் உணர்ச்சிக்கு வார்த்தையால் பெயர் சொன்னபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா பகுதியின் துடிப்பு குறைந்தது. அவசரத்தை அடக்கி யோசிக்கவைக்கும் முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. 9 வயதுப் பையனிடம் "பெரியவன்தானே, அடக்கிக்கொள்" என்று சொல்லும்போது, இன்னும் கட்டி முடியாத வீட்டுக்குள் குடிபோகச் சொல்கிறோம். அதுவரை அந்த முன்மூளையின் வேலையை நாம் கொஞ்சம் கடன் கொடுக்க வேண்டும். "உன் முறை வரும் என்று காத்திருந்தாய், வரவில்லை, ஏமாற்றமாக இருக்கிறதா?" என்று நாமே பெயர் எடுத்துக் கொடுக்கலாம். தவறாகச் சொன்னால் பிள்ளையே திருத்தும்: "ஏமாற்றம் இல்லை அம்மா, அவளுக்கு மட்டும் கொடுக்கிறாய்." பார்த்தீர்களா, அது பொறாமை, அதற்கு அடியில் ஒரு நியாயமும் இருக்கிறது. இந்தப் பேச்சைச் சண்டை நடக்கும்போது தொடங்காதீர்கள். இரவுச் சாப்பாட்டில், துணி மடிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, எல்லாரும் அமைதியாக இருக்கும் வேளையில் பழக்குங்கள். தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

அடுத்தது வாக்கியம். இந்த இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. நம் மொழியில் கோபம் 'எனக்கு வருகிறது'. பசி வருவதுபோல, தூக்கம் வருவதுபோல, கோபமும் அழுகையும் வருகின்றன. வந்தது போகும். "நான் கோபக்காரன்" என்பது வேறு, "எனக்குக் கோபம் வருகிறது" என்பது வேறு. இரண்டாவதில் பிள்ளை தனி, கோபம் தனி. "அவன் கோபக்காரன்" என்று உறவினர் முன்னால் நாம் சொல்லச் சொல்ல, பிள்ளை அதைத் தன் பெயராகவே எடுத்துக்கொள்கிறது. தாமஸ் கோர்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1962இல் பெற்றோருக்கான பயிற்சி வகுப்புகளைத் தொடங்கியவர். பிறரைக் குற்றம் சாட்டும் 'நீ'யை விட்டு, தன் நிலையைச் சொல்லும் வாக்கியத்தால் பேசச் சொன்னார். நமக்கு அந்த வாக்கியம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. "நீ எப்போது பார்த்தாலும் பிடுங்குகிறாய், நீ திருடி" என்பதற்குப் பதிலாக, "கேட்காமல் எடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கேட்டுவிட்டு எடு." என்ன நடந்தது, எனக்கு என்ன ஆகிறது, இனி என்ன வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். "நீ ஒரு முட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்னிடமே சொல்லிக் காட்டியிருக்கிறது. முன்னால் 'எனக்கு' வந்துவிட்டதால் வசவு உணர்ச்சி ஆகிவிடாது. அப்போது சிரித்துவிடாமல், "அது எதிராளியைப் பற்றிய தீர்ப்பு. உனக்கு உள்ளே என்ன இருக்கிறது, அதைச் சொல்" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மரியாதை என்றவுடன் 'நீங்கள்' போட்டுப் பேசச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அம்மாவையும் ஆயாவையும் பிள்ளைகள் 'நீ' என்றுதான் அழைக்கிறார்கள் (பாட்டியை இங்கே ஆயா என்போம்). அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அதே நேரம், 'நீங்கள்' போட்டுக்கொண்டே முகத்தில் அறைந்தாற்போலப் பேசவும் முடியும். நான் மரியாதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தது வேறு: ஆளைக் குத்தாதே, நடந்ததைச் சொல். அவருடைய உடம்பு, நிறம், ஊர், சாதி, பெற்றோர் செய்யும் வேலை, இவற்றைச் சண்டைக்குள் இழுக்காதே. பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டியது எது, தனியாகச் சொல்ல வேண்டியது எது என்று பார். குரலும் கையும் உன் வசம் இல்லாவிட்டால், "கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்" என்று நகர்ந்துவிடு. "ஆயா, தங்கச்சி முன்னால் நீ திட்டினால் எனக்கு அழுகை வருகிறது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்" என்று ஒரு பேரன் சொன்னால், அது எதிர்ப்பேச்சே இல்லை. அந்த ஆயாவின்மேல் அவன் வைத்திருக்கும் நம்பிக்கை அது. நம்பிக்கை இல்லாத பிள்ளை ஒன்றும் சொல்லாது, வாசற்கதவை அறைந்துவிட்டுப் போகும்.

மன்னிப்பு பற்றி நீங்கள் கேட்டதற்கு, நான் செய்த ஒரு தவறைத்தான் பதிலாக வைக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண், இன்னொருத்தி சுதந்திர தினத்துக்காக வரைந்திருந்த படத்தைக் கிழித்துவிட்டாள். விசாரிக்காமல் வகுப்பு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அடுத்த நாளிலிருந்து கதவோரக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒரு வாரம் கழித்து, சத்துணவுக் கூடத்து உதவியாளர்தான் என்னிடம் சொன்னார். அந்தப் பெண்ணின் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். படம் வரைந்தவள் பல நாட்களாக, இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறாள். இளிவு என்று தொல்காப்பியம் முதலில் வைத்தது எதுவோ, அது என் கண்ணெதிரில் நாள்தோறும் நடந்திருக்கிறது. நான் கிழிந்த காகிதத்தை மட்டும் பார்த்தேன். மறுநாள் அதே வகுப்பின் முன்னால் நின்று, "உன்னைக் கேட்காமலே தண்டித்துவிட்டேன். அது என் தவறு. இனி இரண்டு பக்கமும் கேட்காமல் யாரையும் நிறுத்த மாட்டேன்" என்று அவளிடம் சொன்னேன். மூக்கைப் பொத்தியவளிடம் தனியாக உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினேன். இரண்டு பேரும் தோழிகளாகவில்லை, அப்படி ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூக்கைப் பொத்துவது நின்றது. அவள் முன் பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு வாய் மன்னிப்பை யாரிடமும் நான் கட்டாயப்படுத்தியதில்லை. "இதைச் சரிசெய்ய உன்னால் என்ன முடியும்?" என்று கேட்பேன். தட்டால் அடித்தவன், அடிபட்டவனுக்கு ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தான். செருப்பை உதைத்தவன் ஊக்கு வாங்கி வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும் மன்னிப்பைவிட அந்த ஈரத்துணி பெரிது. உங்கள் மகனிடமும் இதைச் செய்து பாருங்கள். வார்த்தை பின்னால் தானாக வரும், வராவிட்டாலும் குறையில்லை.

இனி அந்தச் செல்போன் சண்டைக்கு வருகிறேன். சத்தம் கேட்டதும் உள்ளே போய் முதலில் போனை வாங்கிக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். யார் முதலில் எடுத்தது என்ற விசாரணை வேண்டாம். கை நீட்டியிருந்தால், "அடிக்க விட மாட்டேன்" என்று மட்டும் சொல்லி இருவருக்கும் நடுவில் உட்காருங்கள். இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு இறங்கட்டும். பிறகு சின்னவளை முதலில் பேச விடுங்கள், ஏனென்றால் பெரியவன் பேசி முடித்தால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அவள் முடித்ததும், பெரியவன் தன் கட்சியைச் சொல்வதற்கு முன், அவள் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். "அவள் கார்ட்டூன் முடியப் போகும்போது நான் பிடுங்கினேன் என்கிறாள்." ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, திருப்பிச் சொன்னால் போதும். பிறகு அவளும் அவன் சொன்னதைச் சொல்வாள். இந்த ஒன்றைப் பழக்கிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே கரைந்துவிடும், ஏனென்றால் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது தீர்ப்பை அல்ல, தன் பேச்சு எதிராளி காதில் ஏறியதா என்பதைத்தான்.

அதன் பிறகு, "வேறு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நீங்கள் வழி சொல்லாதீர்கள், சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் மைர்னா ஷூர், ஜார்ஜ் ஸ்பிவாக் என்ற இருவர் 1970களில் நான்கு வயதுப் பிள்ளைகளோடு பணிசெய்து கண்டது, ஒரு சிக்கலுக்கு எத்தனை வழி யோசிக்க முடிகிறதோ அந்த அளவுக்குப் பிள்ளையின் மூர்க்கம் குறைகிறது என்பது. இவர்கள் முதலில் சொல்லும் வழிகள் அபத்தமாக இருக்கும். "இன்னொரு போன் வாங்கு" என்பான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்காவதோ ஐந்தாவதோ, "கடிகாரத்தில் பெரிய முள் ஆறுக்கு வரும்வரை அவள், பிறகு நான்" என்று அவர்களே வந்து நிற்பார்கள். அவர்கள் போட்ட விதியை அவர்களே காப்பாற்றுவதைப் பார்ப்பீர்கள். முதல் சில நாள் இதற்கெல்லாம் இருபது நிமிடம் ஆகும், சோறு ஆறிப்போகும். பரவாயில்லை.

சின்னச் சண்டைகளில் தலையிடவே வேண்டாம். பிள்ளைகளுக்கென்று காய் விடுவதும் பழம் விடுவதும் இருக்கிறது. காய் விட்டால் பேச்சு நின்றுவிடும், கோபம் ஆறக் காலம் கிடைக்கும், கௌரவம் குறையாமல் திரும்பி வரப் பழம் என்ற ஒரு வாசலும் இருக்கும். "உடனே பழம் விடு" என்று பெரியவர்கள் உள்ளே புகுந்து அதைக் கெடுக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போகும் வழக்கம் எங்களுக்கு இருந்தது. ஒரு வருடம், 1806 ஜூலை 10 அன்று விடியும் முன் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "முதலிலேயே வாயால் சொல்லிப் பார்க்கவில்லையா டீச்சர்?" சொன்னார்கள் என்றேன். புதிய தலைப்பாகை வேண்டாம், நெற்றிக்குறியை அழிக்கவும் தாடியை மழிக்கவும் சொல்ல வேண்டாம் என்று இரண்டு மாதம் முன்பே மறுத்தார்கள். மறுத்தவர்களை அதிகாரிகள் சென்னைக்கு அனுப்பினார்கள், இருவருக்குக் கசையடி கொடுத்தார்கள். அவள் அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "அப்போதே கேட்டிருக்கலாம்" என்றாள். வீட்டில் ஒவ்வொரு முறையும் பிள்ளை முதல் தடவை மெல்லச் சொல்வதை நான் கவனிக்காமல் விடும்போது, அந்தப் பெண்ணின் குரல் எனக்குக் கேட்கும்.

எல்லாச் சண்டையும் பேசித் தீர்ப்பதற்குரியது அல்ல என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். வலுத்தவன் தொடர்ந்து அடித்தால், உடம்பில் தொடக் கூடாத இடத்தில் யாராவது தொட்டால், சாதி சொல்லி இழிவுபடுத்தினால், அங்கே பக்குவமாகப் பேசிக்கொண்டு நிற்க வேண்டியது பிள்ளையின் கடமை இல்லை. கத்தலாம், ஓடலாம், பெரியவரிடம் உடனே சொல்லலாம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். பள்ளியில் நடந்தது என்றால், தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது. ஆசிரியரே அடித்தாலும், மனத்தைப் புண்படுத்தித் துன்புறுத்தினாலும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அதைத் தடை செய்திருக்கிறது.

மாதக்கணக்கில் முயன்றும் கோபம் வந்தால் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான், தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது, பள்ளிக்கே போக மறுக்கிறான் என்றால், வளர்ப்பில் குறை என்று உங்களை நொந்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குழந்தைகளுக்கென்று தனி மருத்துவர்கள் இருக்கிறார்கள். நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே நெடுங்கால வழக்கம். குடியாத்தத்திலிருந்து தொலைவும் இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமியார் விஷயம் மட்டும் பாக்கி. அவர் வளர்ந்த காலத்தில் பெரியவர் முன்னால் வாய் திறப்பதே துடுக்கு. அந்தப் பயம் அவர் மனத்தில் பேரன்மேல் உள்ள பாசத்தோடு கலந்து கிடக்கிறது. அவரோடு வாதாடி வெல்ல வேண்டாம். மகனுக்கு எந்த வாக்கியத்தைப் பழக்குகிறீர்களோ, அதையே அவரிடம் நீங்கள் பேசுங்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் நேரமாகப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்: "அத்தை, பிள்ளைகள் முன்னால் என் வளர்ப்பைக் குறை சொன்னால் எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. உங்களுக்கு எது சரியில்லை என்று படுகிறதோ, ராத்திரி அவர்கள் தூங்கின பிறகு சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்." சொன்னபடி அன்று ராத்திரி உட்கார்ந்து கேளுங்கள்.